சிக்னல் வரை

குழலி தூங்கிப்போனபோது மத்தியானம் மணி பன்னிரண்டு பத்து. தணிகைவேலின் இடது கை அவள் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வழக்கமாகக் கதை சொல்லி முடிக்கும்போது கையை மெல்ல உருவிக்கொண்டுவிடுவான். இன்று கதையின் நடுவிலேயே தூங்கிவிட்டாள், ஆனை தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தில், அதனால் உள்ளே என்ன இருந்தது என்று அவனும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது உருவினால் முழித்துவிடுவாள், முழித்தால் ஆனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டே முக்கால் வயசுக் குழந்தையின் தலை எவ்வளவு கனம் இருக்கும், இரண்டரைக் கிலோ, மூன்று கிலோ, அவ்வளவுதான், ஆனால் அரை மணி நேரம் அசையாமல் தாங்கினால் கை நம்முடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. போன மாதம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். தன் பழைய யூனிஃபார்ம் சட்டையின் கையை வெட்டி, உள்ளே பச்சரிசி நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடுகாட்டி, தன் கைக்குப் பதிலாக அதை நுழைத்துப் பார்த்தான். இரண்டு நிமிடம் தாங்கியது. பிறகு கண்ணைத் திறந்து அதைத் தொட்டுப் பார்த்து, "இது கை பொம்மை" என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை அதற்குச் சோறு ஊட்டினாள். மனைவி வசுமதி வேலையிலிருந்து வந்து பார்த்து, அரிசியில் வண்டு வரும் என்று மட்டும் சொன்னாள். வண்டு வரத்தான் செய்தது. ஆனால் யோசனை தப்பில்லை, அரிசிக்குப் பதில் வேறு ஏதாவது, கடுகு, இல்லை உப்பு, உப்பு சூட்டைப் பிடித்துவைக்கும், செய்து விற்கக்கூடச் செய்யலாம், இந்த ஊரில் எத்தனை பேர் இந்த நேரத்தில் கை மாட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள், அவர்களில் ஆண்கள் எத்தனை பேர், பெரம்பூரில் இந்தத் தெருவில் தான் ஒருவன், தெரிந்தவரைக்கும்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் லேசாக இடறுகிறது, அந்த இடறலைக் கேட்கத் தொடங்கினால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. புஷ் தேய்ந்திருக்கும். எழுந்து பார்த்தால் பத்து நிமிட வேலை. பதினோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்குச் சத்தம்தான் முதலில் தெரியும், பிறகுதான் கண். கட்டடத்துக்குள் நுழையும்போதே மேலே மோட்டார் அறையில் என்ன கோளாறு என்று காதில் விழுந்துவிடும் என்று கம்பெனி சூப்பர்வைசர் முத்தையா சார் மற்ற பையன்களிடம் சொல்வார், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அவருக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கூப்பிட்டபோது குழலி இவன் முதுகில் குதிரை ஏறிக்கொண்டிருந்தாள். "அண்ணா நகர்ல பதினாலு மாடி ஆபீஸ் பில்டிங்யா, நாலு லிஃப்ட். உனக்கு செகண்ட் ஷிஃப்ட். மூணரைக்கு வந்தா பத்தரைக்குக் கிளம்பிடலாம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்." வசுமதி பாரிமுனைப் பக்கம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் எட்டிலிருந்து இரண்டு வரை. இரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது, அவள் வாசலில் நுழைய இவன் வாசலில் இறங்க, சாவியும் குழந்தையும் கைமாற. செவ்வாய்க்கிழமை இரவே அவளிடம் சொன்னான். அவள், "நீ என்ன நினைக்கிற?" என்றாள். யோசிக்கிறேன் என்றான். யோசிக்கவில்லை. வேறொன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான், இந்த இரண்டு நாளும், பால் காய்ச்சும்போதும், துணி உலர்த்தும்போதும், ஆனை எட்டிப் பார்க்கும்போதும்.

மருந்துக் கடையை யோசிக்க வேண்டாம். வேறு எதையாவது யோசிக்கலாம். வருகிற ஜூனில் குழலிக்கு மூன்று முடிந்துவிடும், பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டு, அதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டியவை என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தான். அவளைக் கூட்டிக்கொண்டு மாநகரப் பேருந்துகளின் கடைசி நிறுத்தம் ஒவ்வொன்றையும் பார்த்துவிட வேண்டும், ஏறின இடத்திலிருந்து கடைசி வரை, இறங்கி ஒரு டீ, ஒரு பிஸ்கட், திரும்பி அதே பேருந்தில். இதுவரை நான்கு ஆகியிருக்கிறது. எல்லாக் கடைசி நிறுத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஒரு வேப்பமரம், ஒரு டைம் ஆபீஸ், படுத்திருக்கிற ஒரு நாய், ஆனாலும் குழலி ஒவ்வொன்றிலும் இறங்கியதும், "வந்தாச்சு" என்று பெரிய மனுஷி போலச் சொன்னாள். இன்னொரு திட்டம், மாடி வீட்டுப் பெண்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் தாங்களே பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது, சனிக்கிழமை மாலை, மொட்டை மாடியில். இதை இரண்டாம் மாடி ராஜேஸ்வரி அக்காவிடம் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்குப்பா, நீதான் இருக்கியே" என்றாள். உண்மைதான், இருக்கிறான், எப்போதும் இருக்கிறான், இந்தக் கட்டடத்தில் பகலில் கதவைத் தட்டினால் திறக்கிற ஒரே ஆம்பளை. கேஸ் சிலிண்டர் வந்தாலும் கூரியர் வந்தாலும் ஆறு வீட்டுக்கும் இவன்தான் கையெழுத்து. முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய் ஒரு பெருமை வந்தது. இப்போது இரண்டும் இல்லை. மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் காய்கறிப் பை, அறுபத்திரண்டு படி. படியை எண்ணுவது எப்போது பழக்கமானது என்று தெரியவில்லை.

மாட்டிக்கொண்டவர்களை நினைத்துக்கொண்டான். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள். அடுத்த ஐந்து நிமிடம் கோபப்படுவார்கள், செக்ரட்டரியைத் திட்டுவார்கள், கம்பெனியைத் திட்டுவார்கள். அதற்கப்புறம் ஒரு அமைதி வரும். அந்த அமைதிதான் ஆபத்து. அப்போது வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும், எதையாவது, சாப்பிட்டாச்சா, எந்த ஊர், பையில என்ன வெச்சிருக்கீங்க. வசுமதியை அப்படித்தான் தெரியும். ஸ்டேஷன் நடைமேம்பாலத்து லிஃப்டில் ஒரு மத்தியானம் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள், தனியாக. உள்ள எத்தனை பேர் என்று இவன் கத்த, ஒருத்தி என்று பதில் வந்தது, பயப்படாதீங்க என்றான், பயமில்லை, ஆனா பன்னிரண்டரைக்கு டியூட்டி மாத்தி விடணும் என்றாள். பையில் என்ன என்று கேட்டதற்கு, எலுமிச்சம்பழ சாதம், வேணுமா என்றாள். கதவைத் திறந்தபோது வேர்த்து நனைந்திருந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை, ஒரு நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். குழந்தை பிறந்ததும் யார் வீட்டில் இருப்பது என்று பேச்சு வந்தபோது பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. அவளுடையது ரயில்வே வேலை. இவனுடையது நேரங்காலம் இல்லாமல் கூப்பிடுவார்கள், ஓட வேண்டும். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் முடியாது, இவனுக்கு அம்மா இல்லை. நான் இருக்கேன் என்று இவன்தான் சொன்னான். சொன்னபோது அது ஒரு வருடத்துக்கு மட்டும் என்பது போலத் தோன்றியது. இப்போது கை முழங்கை வரை மரத்துவிட்டது, விரல்களை அசைத்துப் பார்த்தான், அசைந்ததா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றுக்கு மேல் இருக்கும். வசுமதி அன்று சங்கக் கூட்டம் என்று தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள், அவளுடைய தைராய்டு மாத்திரை தீர்ந்துவிட்டது, குழலியை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனான். கடையில் கூட்டம். குழலியைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான், அங்கே கண்ணாடி அலமாரிக்குள் ஒரு காது வரைபடம் ஒட்டியிருந்தது, உள்காது, வெளிக்காது, அதை அவள் நத்தை என்றாள். இவன் மனசு வேறு எங்கோ இருந்தது. முத்தையா போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லியிருந்தார். "அந்தப் பில்டிங்ல மூணாவது லிஃப்ட் படுத்துதுய்யா. ஒன்பதாவது மாடில மட்டும் கதவு மூட வந்து மறுபடி தொறந்துக்குது. யாரும் குறுக்க நிக்கல. சில நாள்தான், அதுவும் சாயங்காலம் மட்டும். மூணு பேர் பாத்துட்டாங்க, பிடிபடல." காலையிலிருந்து அது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, பாத்திரம் தேய்க்கும்போது, குழலியைக் குளிப்பாட்டும்போது. சில நாள் மட்டும் ஏன். மற்ற மாடியில் ஏன் இல்லை. மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டான். வெளியே வந்தான். வண்டியை எடுத்தான். முகத்தில் வெயில் அடித்தது, மேற்கு வெயில், கண் கூசியது, கண் கூசினதுமே தெரிந்துவிட்டது. வெயில்தான். ஒன்பதாவது மாடியில் மேற்குப் பக்கம் கண்ணாடி இருக்கும், எதிரே அந்த உயரத்துக்குக் கட்டடம் இருக்காது, சாயங்கால வெயில் நேராக உள்ளே வந்து கதவின் சென்சாரில் விழுகிறது, ஆள் நிற்பதாக அது நினைத்துக்கொள்கிறது, மேகம் உள்ள நாளில் நடக்காது. எட்டாவது மாடிக்கு எதிர்க் கட்டடம் மறைக்கும். பத்துக்குத் திரை போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது, தாழ்ப்பாள் விழுகிற மாதிரி, டக், டக் என்று. வாய்விட்டுச் சிரித்தான் என்று நினைக்கிறான். காற்று நன்றாக இருந்தது. உடம்பு லேசாக இருந்தது. மேம்பாலத்தின் கீழே சிக்னல் சிவப்புக்கு மாறியது, பிரேக்கைப் பிடித்தான், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடது கை தானாக முன்னால் போகும், குழலி முன்னால் சாயாமல் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள. கை போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை அவன் பலமுறை பார்த்துவிட்டான். எதிர்த் திசையில் வண்டியை ஓட்டியது, ஒரு லாரிக்காரன் திட்டியது, கடை வாசலில் ஸ்டாண்டு போடாமல் வண்டியைச் சாய்த்துப் போட்டது. குழலி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன. நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும், "போலாமா?" என்றாள், அவ்வளவுதான், அவனைத் தேடவே இல்லை, அவன் போனதையே கவனித்திருக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண், இருபது வயசு இருக்கும், சிரித்தாள். "பாப்பா சமத்தா உக்காந்திருந்துச்சுண்ணா. வண்டி திருப்பி எடுத்துட்டு வரத்தான போனீங்க?" ஆமா என்றான். அந்த 'ஆமா'தான் தொண்டையில் நிற்கிறது. அவள் கேள்வியிலேயே பதிலும் இருந்தது, அவன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டான், அளவு எடுத்துத் தைத்த சட்டை மாதிரி சரியாக இருந்தது. உலகத்தில் இதை அறிந்தவர் யாரும் இல்லை. குழலிக்குத் தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, லாரிக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மடையன் ராங் சைடில் வந்தான் என்பது. போக இரண்டு நிமிடம், வர இரண்டு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் போய் யாரிடம் சொல்வது, எப்படித் தொடங்குவது, வசு, செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்றா.

என்னென்ன நடந்திருக்கலாம் என்று முதல் நாள் முழுக்க யோசித்துப் பார்த்தான். நாற்காலியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்திருக்கலாம். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், இவள் கூப்பிட்டால் போகிறவள்தான். அதையெல்லாம் யோசிக்க முடிந்தது. ஒவ்வொன்றும் பயங்கரமாக இருந்தது, ஆனால் யோசித்தால் முடிந்துவிடுகிறது. முடியாதது வேறு. மறந்துபோவது யாருக்கும் நடக்கும், அடுப்பில் பாலை மறக்கிறோம், சாவியை மறக்கிறோம், கூடாதுதான், ஆனால் நடக்கும். சிக்னல் வரை போன அந்த இரண்டு நிமிடம் அவன் சந்தோஷமாக இருந்தான். அதுதான் விஷயம். இந்த இரண்டரை வருடத்தில் சந்தோஷம் இல்லாமல் இல்லை, குழலி முதன்முதலாக 'அப்பா' என்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது, கடைசி நிறுத்தத்தில் 'வந்தாச்சு' என்று அவள் சொல்லும்போது, குளித்துவிட்டுத் துண்டுக்குள்ளிருந்து முகத்தை நீட்டும்போது, எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அதெல்லாம் அவளோடு சேர்ந்தது. அந்த இரண்டு நிமிடம் அப்படி இல்லை. அது பழைய தணிகைவேலுடையது, தனி ஆள், முன்னால் யாரும் நிற்காத வண்டி. மறந்ததனால் சந்தோஷமாக இருந்தானா, சந்தோஷமாக இருந்ததனால் மறந்தானா. இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு நாளாக முயல்கிறான். கண்ட்ரோல் பேனலில் இரண்டு ஒயர் ஒட்டிக்கொண்டால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைச் சோதிக்கலாம். இதில் எதைக் கழற்றுவது. வேலைக்குப் போனால் சரியாகுமா, இல்லை வேலைதான் அவளை மறக்க வைத்ததா, வேலையைப் பற்றின நினைப்பே அப்படி என்றால் வேலை என்ன செய்யும். போகவில்லை என்றால் நல்ல அப்பாவா. அப்படியானால் இந்தச் சின்னத் தலையின் கனத்தைத் தாங்கிக்கொண்டு படுத்திருப்பது அபராதமா. குழலி தூக்கத்தில் உதட்டைச் சப்பினாள். கழுத்து மடிப்பில் வேர்வை கோத்திருந்தது. வலது கையால் முந்தானை ஓரத்தை, முந்தானை ஏது, பக்கத்தில் கிடந்த துண்டின் ஓரத்தை எடுத்து ஒற்றினான். கீழே யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள், குரல் தெருமுனை வரை போய்த் திரும்பியது. மணி என்ன என்று தெரியவில்லை. போன் சமையலறையில் இருந்தது.

அவனும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். கதவில் சாவி திரும்புகிற சத்தத்தில் முழித்தான். வசுமதி செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். குழந்தை தூங்குவதைப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"இன்னுமா தூங்கறா? சாப்ட்டியா நீ?"

"இல்ல. கை மாட்டிக்கிச்சு."

"முத்தையா சாருக்குச் சொல்லிட்டியா?"

"வசு," என்றான். மேலே மின்விசிறி இடறிக்கொண்டே சுற்றியது. "செவ்வாக்கெழம மருந்துக் கடைல இவள விட்டுட்டு வந்துட்டேன்."

"விட்டுட்டுன்னா?"

"மறந்துட்டு. வண்டிய எடுத்துட்டு சிக்னல் வரைக்கும் போயிட்டேன்."

வசுமதி பையைக் கீழே வைத்தாள். குழந்தையைப் பார்த்தாள், பாதத்திலிருந்து தலை வரைக்கும், எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"எவ்ளோ நேரம்?"

"நாலு நிமிஷம். போக ரெண்டு, வர ரெண்டு."

"அழுதாளா?"

"அவ கவனிக்கவே இல்ல. கடைக்காரப் பொண்ணுக்கும் தெரியல."

"ரெண்டு நாளா என்கிட்ட சொல்லல நீ."

"சொல்லல."

 வசுமதி கட்டிலின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்கழுத்தில் ரவிக்கை நனைந்திருந்தது. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தணிகைவேலுக்குத் தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, மற்றதை யாரும் கேட்கப்போவதில்லை.

"இன்னொன்னு இருக்கு," என்றான். "சிக்னல் வரைக்கும் போனது நல்லா இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு. அதான் சொல்ல முடியல."

அவள் திரும்பவில்லை. வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்கள். அவள் தோள் அசைகிறதா என்று பார்த்தான். அசையவில்லை. மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்தவன் இப்போது பேச ஒன்றும் இல்லாமல் படுத்திருந்தான்.

"காலைல எட்டு மணிக்குக் கவுண்டர் தொறந்தா," என்றாள் வசுமதி, சுவரைப் பார்த்துக்கொண்டே, "தட்கல் முடியிற வரைக்கும் எனக்கு இவ ஞாபகமே வராது. பதினொன்னரைக்கு டீ வரும். கிளாஸ கையில எடுக்கும்போதுதான் திடுக்குனு இருக்கும். தெனமும். உன்கிட்டதான விட்டுட்டு வந்திருக்கோம்னு நெனச்சிப்பேன், சரியாயிடும்." தலைப்பால் பின்கழுத்தைத் துடைத்தாள். "உனக்கு அப்படி நெனச்சிக்க ஆள் இல்ல."

அவன் கூரையைப் பார்த்தான். இரண்டரை வருடம், நாளுக்கு மூன்றரை மணி நேரம். கணக்குப் போட வேண்டாம் என்று விட்டுவிட்டான். அவளுக்கும் நன்றாகத்தான் இருக்கிறதா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. அவள் குரலிலேயே இருந்தது.

"இனிமே இப்படி எது ஆனாலும் அன்னிக்கே சொல்லணும்," என்றாள் அவள் திரும்பி. கண் சிவந்திருந்தது. கோபமாகவும் இருக்கலாம். "ரெண்டு நாள் கழிச்சு இல்ல."

"சரி."

"நகரு."

முகம்கூடக் கழுவாமல் படுத்தாள். குழலியின் தலையை ஒரு கையால் ஏந்தி மறு கையை அடியில் நுழைத்தாள். குழந்தை முனகியது, புதுக் கையில் கன்னத்தை இரண்டு முறை தேய்த்து இடம் பார்த்துக்கொண்டு, அடங்கிவிட்டது. தணிகைவேல் தன் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரத்தம் திரும்பி வந்து ஊசியாகக் குத்தியது.

"அந்த வேலைக்குப் போனா நீயும் நானும் எப்பப் பேசிக்கிறது?" என்று கேட்டான்.

"இப்ப மட்டும் ரொம்பப் பேசிக்கிறமா," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "போய் போன் பண்ணு. சத்தம் போடாம."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். மணி மூன்றேகால். முத்தையா இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்னய்யா, யோசிச்சியா?"

"திங்கக்கெழம வரேன் சார்."

"கொழந்தைய யாரு பாத்துப்பா?"

"அவங்கம்மா இருக்காங்க சார்."

சொன்ன பிறகுதான், இந்த வார்த்தையை இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது தெரிந்தது. சுலபமாக வந்தது. மற்ற ஆண்கள் இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார்கள், சொல்கிறோம் என்று தெரியாமலே. முத்தையா, மூன்றேகாலுக்கே வந்துவிடு, பாஸ் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தெருவில் வெயில் பாதி தூரம் நகர்ந்திருந்தது. எதிர் வீட்டுக் கொடியில் சேலை ஒன்று காய்ந்து விறைத்துத் தொங்கியது. உள்ளே போகலாம் என்று கதவில் கை வைத்தான். இருவரும் தூங்குகிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. கையை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.